யூடின் நட்ட வரிசை

அந்தச் செடிகளில் ஒன்றாவது என் முழங்காலுக்கு எட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் தாண்டிவிடலாம். கோழி தாண்டியது. யூடினின் பூனை நாளைக்கு நாலு தடவை தாண்டியது. நாங்கள்தான் தாண்டவில்லை.

பெத்தி மோர்ன் ஊரில் சாலையிலிருந்து மேலே ஏறும் சரிவில் எங்கள் வீடு. முன்மனை யூடினுடையது, பின்மனை எங்களுடையது. என் புருஷன் ஹெஸ்கெத்தின் அப்பனும் யூடினின் அப்பனும் அண்ணன் தம்பி. ஒரே நிலத்தை முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. தீவின் இந்தப் பக்கத்தில் பாதிப் பேரிடம் கிடையாது. எங்கள் ஊரில் பத்திரத்துக்குப் பதில் டிராகன் செடி இருக்கிறது. நீளமான இலை, ரத்தச் சிவப்பு, வெயிலானாலும் புயலானாலும் வருஷம் பூராவும் உதிராமல் நிற்கும். இரண்டு பேர் நிலத்துக்கு நடுவில் அதை வரிசையாக நடுவோம். போக வர வழி வேண்டிய இடத்தில் இரண்டு ஆள் அகலம் விட்டு நடுவோம், அதற்கு வாய் என்று பெயர். வாய் விடாமல் நட்டால் வழியை அடைத்தாயிற்று என்று அர்த்தம். பிறகு அதை யாரும் தாண்டக்கூடாது. பிடுங்கவே கூடாது. பிடுங்கினவர் வீட்டில் நோயாளி இருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார், நோயாளி இல்லாவிட்டால் பிடுங்கினவரே போய்விடுவார் என்பார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பேய் பிசாசு என்று யாராவது கதை அளந்தால் நானும் சிரிக்கிறவள்தான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முழ நிலத்துக்காக அண்ணன் தம்பியை வெட்டியிருக்கிறான். எங்கள் ஊரில் இதுவரை நிலத்துக்காக யாரும் கத்தி எடுத்ததில்லை. யூடினின் அண்ணன் ஒருத்தன் ஊருக்கு வெளியே எங்கள் ஆரோரூட் கிழங்குத் தோட்டத்துப் பக்கம் கையை நீட்டிப் பார்த்தபோதும் டிராகன் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான். அன்றைக்கு அந்தச் செடியை நான் கும்பிடாத குறை.

முன்மனைக்கும் பின்மனைக்கும் நடுவில் மட்டும் வரிசை இல்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று அவர்கள் நடவில்லை. யூடினின் மனை வழியாகத்தான் எங்கள் பாதை சாலைக்கு இறங்கியது. எங்களுக்கு வலப்பக்கம் வேறொரு குடும்பத்தின் டிராகன் வரிசை, வாய் இல்லாதது. பின்னால் மேலே காடு. இடப்பக்கம் ஓடை. ஓடை என்றால் பாறையும் பாசியும் செங்குத்துப் பள்ளமும்தான். ஆடு மாதிரி கால் இருந்தால் இறங்கலாம்.

ஹெஸ்கெத்துக்குக் கால் ஆட்டுக்கால் இல்லை. சர்க்கரை வியாதி. படகு கட்டுகிற வேலை பார்த்தவன், ஆறடி உயரம், நல்ல கனம். வலது காலில் இரண்டு விரலை ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்குக் கீழே ஒரு புண், மூடுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமைதோறும் சாலையோரக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட வேண்டும். கை வைத்த நாற்காலிக்கு இரண்டு மூங்கில் கட்டி, ஊர்க்காரன் ஆஸ்பர்ட்டும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போவார்கள். போகிற வழியெல்லாம் ஹெஸ்கெத் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "ராஜா வர்றான், கோழியெல்லாம் ஓரம் போங்க" என்பான். ஆஸ்பர்ட் மூச்சு வாங்கிக்கொண்டே, "ராஜா ரொட்டியைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லாருக்கும்" என்பான்.

எனக்கு வேலை செடி. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சாம்பல் விழுந்த எரிமலை மண்ணில் எதை நட்டாலும் வரும், ஆனால் அழகாக நிற்கவைப்பது வேறு. என் மனையில் குரோட்டன்ஸ் மட்டும் ஒரு கூட்டம் இருந்தது. மஞ்சள் புள்ளி போட்டது, திருகின இலைக்காரி, கரும்பச்சையில் சிவப்பு நரம்போடினது. இட்லிப்பூ வேலி ஒரு பக்கம், செம்பருத்தி வேலி ஒரு பக்கம். வேலியை வெட்டும்போது எல்லோரும் தலையை மட்டும் வெட்டிவிட்டு அடி மொட்டையாகிவிட்டது என்று அழுவார்கள். அடியை அகலமாகவும் மேலே குறுகலாகவும் வெட்டினால்தான் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் இலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர் அடிப்பேன், வெள்ளைப்பூச்சி அண்டாது. சனிக்கிழமை தகர டப்பாக்களில் கன்று எடுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் சந்தைக்குப் போவேன்.

யூடின் இங்கிலாந்தில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு, அங்கே ஆஸ்பத்திரித் துணி துவைத்துச் சேர்த்ததைக் கொண்டுவந்து முன்மனையில் மஞ்சள் வீடு கட்டினாள். ஹெஸ்கெத்துக்கு மூத்தவள். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. பெட்டியில் நீளமான வேலிக் கத்தரி ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதை எண்ணெய் போட்டுத் துடைத்து எனக்குக் காட்டினாள்.

"அங்க என் வீட்டு வேலி இருந்துச்சே மெல்வா, கத்தரி போட்டா மேசை மாதிரி நிக்கும். ஒரு இலை எட்டிப் பாக்காது."

"இங்க எட்டிப் பாக்காத இலை கிடையாதுக்கா. ஊர்க்காரங்க மாதிரிதான்."

தலைநகரத்திலிருந்து குட்டை இலைச் செடி வரவழைத்து நட்டாள். உப்புக் காற்றில் ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை, வெந்த கீரை மாதிரி கறுத்துப்போயிற்று. அழுகிற முகத்தோடு என்னிடம் வந்து நின்றாள்.

"உன் டிராகன்ல கொஞ்சம் குச்சி குடு. அதைத்தான் அழிக்கவே முடியாதே."

எனக்கும் பாவமாக இருந்தது. முற்றின தண்டாகப் பார்த்து சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை உருவி, ஒரு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்த பிறகு ஒரு கட்டு கொடுத்தேன். எப்படி நட வேண்டும், எவ்வளவு ஆழம், எல்லாம் சொன்னேன். எங்கே நடப்போகிறாய் என்று கேட்கவில்லை. செருப்பு வாங்குகிறவளிடம் எந்தக் காலுக்கு என்று யார் கேட்பார்கள்? சாலைப் பக்கம் அழகுக்கு வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ரொம்ப நன்றி மெல்வா" என்றாள்.

"வாயை மூடுக்கா. செடி குடுத்தா நன்றி சொல்லக்கூடாது, பட்டுப்போகும். அதுகூட மறந்துபோச்சா?"

"ஐயோ, ஆமால்ல. ஞாபகப்படுத்தினியே, நன்றி."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு பல நாள் அந்த இரண்டு நன்றியையும் நான் ஆசையோடு நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றாவது பலிக்கக்கூடாதா என்று.

அடுத்த சனிக்கிழமை விடியும் முன்பே சந்தைக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினேன். தலையில் கூடை. யூடின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டிருந்தாள். அவள் மனையின் பின்கோட்டில், ஓடை விளிம்பிலிருந்து வலப்பக்கக் குடும்பத்து டிராகன் வரிசைவரைக்கும், என் குச்சிகள். ஒரே நேர். கயிறு கட்டி நட்டிருந்தாள். என் பாதைக்குக் குறுக்கே மூன்று செடி நின்றது. பூவாளியால் தண்ணீரும் ஊற்றிவிட்டாள். தண்ணீர் ஊற்றிவிட்டால் நட்டது நட்டதுதான்.

"பாத்தியா, என்ன நேரு" என்றாள்.

"வாய் எங்கக்கா?"

"என்ன வாய்?"

"நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"தாண்டிப் போ. உன் காலுக்கு என்ன, இன்னும் வாலிபம்தானே. இரும்புக் கேட்டு ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கேன், வந்ததும் வச்சிடலாம். சமையக்கட்டு ஜன்னல்ல நிமிந்தா எவனாவது போறான், எவளாவது வர்றா. எனக்கு அது பழக்கமில்ல."

பேசினால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கூடையோடு சாலைக்கு இறங்கி, சுற்றிப் போய், ஓடைப் பாறைகளைப் பிடித்துப் பிடித்து ஏறி வீட்டுக்கு வந்தேன். ஒரு குரோட்டன்ஸ் டப்பா உருண்டு பள்ளத்தில் விழுந்தது. எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பர்ட்டும் மற்றவர்களும் வழக்கம்போல் யூடின் மனை வழியாக வந்து, வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஹெஸ்கெத் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் தயாராக இருந்தான். ஆஸ்பர்ட் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, இது எப்ப வந்துச்சு?"

"சனிக்கிழமை."

"யாரு நட்டது?"

"யாரு, பூனையா நட்டிருக்கும்?"

"வாய் விடலியே."

"எனக்கும் கண்ணு இருக்கு ஆஸ்பர்ட்."

நாலு பேரும் செடியைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஆஸ்பர்ட் நல்லவன். அதைச் சொல்லியாக வேண்டும். என் கூரை புயலில் பறந்தபோது முதலில் ஏணியோடு வந்தவன் அவன்தான்.

"என் வீட்டுக்கு ரெண்டு பக்கமும் டிராகன்தான்கா" என்றான். "இன்னிக்கு நான் இதைத் தாண்டினா நாளைக்கு என் மச்சான் என்னோடதைத் தாண்டுவான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீ தாண்டவே வேணாம். நான் இவனை இழுத்துட்டு வந்து உங்க கையில குடுத்துடறேன். நீங்க அந்தப் பக்கம் நின்னே வாங்கிக்கங்க."

"யாரும் யாரையும் தூக்கிக் குடுக்க வேணாம்" என்றான் ஹெஸ்கெத். "நான் என்ன தேங்காய் மூட்டையா? இந்த ஊர்ல பாதி எல்லை எங்கப்பன் நட்டுக் குடுத்தது. அவன் மவன் டிராகன் மேல பறந்து போனான்னு நாளைக்கு ரம் கடையில பேசணுமா?"

"கால் அழுகினாப் பரவால்லையா?"

"ஒரு வாரம்தானே. கேட்டு வருதுன்னாளே."

அதற்கடுத்த வாரம் ஓடை வழியாகத் தூக்கிப் பார்த்தார்கள். பாதி இறங்குவதற்குள்ளேயே முன்னால் போன ஒருத்தனின் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, புண் பாறையில் இடித்தது. ஹெஸ்கெத் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டுத்துணி பூராவும் ரத்தம். திரும்பக் கொண்டுவந்து படுக்கையில் போட்டுவிட்டு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

நான் ஓடையில் இறங்கிச் சுற்றிப் போய் யூடின் வீட்டுக் கதவைத் தட்டினேன். பால் ஊற்றின தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"நிலத்தைப் பிடிக்கணும்னா நேரா சொல்லு" என்றேன். "நோயாளியை வச்சிக்கிட்டு இந்த விளையாட்டு வேணாம்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்கோட்டில் செடி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். பொல்லாதவள் என்றால் சண்டை போட்டிருப்பேன். மடத்தனத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

"இன்னுமா அதெல்லாம் பாக்குறீங்க?" என்றாள். "ஆளு ஆஸ்பத்திரிக்குப் போகணும்கறப்ப செடியாவது மண்ணாவது. கேட்டுக்காக எப்படியும் மூணு செடியை எடுக்கணும். இப்பவே எடுத்துடறேன், வா."

கையுறையை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனாள். என் மனசு லேசானது. நட்டவளே எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. குனிந்தாள். நடுச்செடியின் தண்டைப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்துப் பின்னால் வேர்த்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. எங்கம்மா ஞாபகம். சின்ன வயசுல ஒரு தடவை எல்லையில ஒரு இலையைக் கிள்ளிட்டேன். எங்கம்மா என் கையைச் சுடுதண்ணிக்குள்ள…" முடிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். "என் வீட்டுல நோயாளி யாருமில்ல மெல்வா. நான் ஒருத்திதான் இருக்கேன்."

"இங்கிலாந்துலேந்து வந்த பெரிய மனுஷி, உனக்குமா?"

"நான் எங்கேந்து போனேன்னு நினைக்கற?"

இரண்டு பேரும் அந்த மூன்று குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பக்கம் அவளும் நானும், அந்தப் பக்கம் ஹெஸ்கெத்.

பாஸ்டர் பைனோவிடம் போனோம். அவர் இதெல்லாம் அஞ்ஞானம் என்று ஞாயிறுதோறும் மேசையைத் தட்டுகிறவர்.

"அப்ப நீங்களே வந்து பிடுங்கிடுங்க பாஸ்டர்" என்றேன்.

"நானா? என் முதுகு இருக்கற நிலைமையில குனியறது கஷ்டம் சகோதரி."

"மூணே மூணு குச்சி."

"ஜெபம் பண்ணலாம்" என்றார். பண்ணினார். பிறகு அவர்தான் ஒரு வழி சொன்னார். பிடுங்கினால்தானே தப்பு, தானாகப் பட்டுப்போனால் யார் மேலும் பழி இல்லை. வறட்சிக் காலம், யூடின் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தட்டும். ஊரே ஒப்புக்கொண்டது. எல்லோருக்கும் மனசு நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் நான் டிராகன் வளர்க்கிறவள். வெட்டிப்போட்ட தண்டு கல் மேல் கிடந்து முளைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். யூடின் வாங்கின தலைநகரத்துச் செடியாக இருந்தால் அந்த வாரமே பாதை திறந்திருக்கும். வாரி வாரிக் கொடுத்தேன், அதுவும் முற்றின தண்டாகப் பார்த்து, வெட்டுவாய் காயவைத்து.

காத்திருந்தோம். நான் வாழ்க்கையில் எத்தனையோ செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வா வா என்று கெஞ்சியிருக்கிறேன். ஒரு செடி சாகட்டும் என்று உட்கார்ந்தது அப்போதுதான். காலையில் எழுந்ததும் முதல் வேலை வரிசையைப் போய்ப் பார்ப்பது. ஒரு இலை நுனி பழுப்பாகியிருந்தால் உள்ளே ஓடிவந்து ஹெஸ்கெத்திடம் சொல்வேன். அவன் சிரிப்பான். பிறகு சிரிக்கவில்லை. புண்ணிலிருந்து வாடை வர ஆரம்பித்தது. நானே வெந்நீரில் கழுவினேன், வேப்பிலை அரைத்து வைத்தேன், கட்டினேன். என் வேலிகளைக் கவனிக்கவில்லை. இட்லிப்பூ தலைவிரித்துக் கிடந்தது. வெள்ளைப்பூச்சி செம்பருத்தியில் ஏறியிருந்தது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். சந்தைக்கும் போகவில்லை. கூடையோடு ஓடையில் இறங்க முடியாது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவனைத் தனியாக விடப் பயம்.

கிளினிக் நர்ஸ் ஒரு நாள் தானே வந்தாள். தலைநகரத்துப் பெண். அவளுக்கு டிராகனும் தெரியாது, ஒன்றும் தெரியாது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சட்டென்று தாண்டி வந்துவிட்டாள். கட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறியது.

"இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். நாளைக்கே. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

நான் சொன்னேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ரம் கடைக்குப் போய் ஆண்களைத் திட்டித் தீர்த்துவிட்டாளாம். அவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினாள். அது மறுநாள் சாலைவரை வந்தது. டிரைவர் பக்கத்து ஊர்க்காரன், வரிசைவரை ஏறி வந்து, வாய் இல்லை என்று பார்த்துவிட்டு, "முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். நர்ஸும் நானும் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம். கட்டிலிலிருந்து தரைக்குக்கூட அவனைக் கொண்டுவர முடியவில்லை.

பிறகு மழை வந்தது. வறட்சி முடிய இன்னும் நாள் இருந்தது, ஆனால் கொட்டித் தீர்த்துவிட்டது. மழை நின்ற பிறகு போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு குச்சியின் தலையிலும் சுருட்டின சிவப்பு இலை ஒன்று, மெழுகு தடவினதுபோல் பளபளவென்று. என் செடி. என் கையால் வெட்டிக் கொடுத்த செடி. வேறு சமயமாக இருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் நான் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்துவிட்டேன். யூடின் ஜன்னலில் நின்று பார்த்தாள். எவள் எவன் என்ன பேசினாலும் பேசிக்கொள்ளட்டும் என்று குனிந்தேன். தண்டைப் பிடித்தேன்.

"மெல்வா."

ஹெஸ்கெத்தின் கட்டிலை நான்தான் ஜன்னலோரம் தள்ளிப் போட்டிருந்தேன், காற்று வரட்டும் என்று. அங்கிருந்து அவனுக்கு எல்லாம் தெரியும்.

"இந்த வீட்டுல யாரு படுத்திருக்கா?"

"நீதான்."

"அப்ப கையை எடு."

"உனக்கு அதுல நம்பிக்கை இருக்கா ஹெஸ்கெத்?"

"இருக்கா இல்லையான்னு பாக்குற நேரமா இது?" என்றான். "எனக்குச் சாகப் பயமா இருக்கு மெல்வா. கையை எடு."

எடுத்துவிட்டேன். அவன் பயந்தான் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன், நானும்தான் பயந்தேன். பிடுங்கின நிமிஷமே உள்ளே மூச்சு நின்றுவிட்டால்? அந்த மூச்சை என் கையாலேயே பிடுங்கினதாகிவிடாதா? கத்தியைத் தரையில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யூடினும் ஜன்னலில் அழுதாள். அவளை அப்போது எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. அவள் அழுததற்காகவே வெறுத்தேன்.

அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. சுட்ட சீமைப்பலாவும் மீனும் அவனுக்கு உயிர், வாயில் வைத்தால் துப்பிவிட்டான். ஆளைத் தெரியாமல் பேசினான். தன் அப்பனிடம் எங்கே வாய் விடணும் என்று கேட்டான். ஒரு காலையில் தெளிவாக என்னைப் பார்த்து, "இன்னிக்கு வியாழக்கிழமையா? வெள்ளைச் சட்டையை எடு" என்றான். திங்கள்தான். ஆனாலும் எடுத்துப் போட்டுவிட்டேன். பட்டனைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது போய்விட்டான்.

செய்தி போனதும் ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். சவப்பெட்டியைக் கோணியில் சுற்றி ஓடை வழியாகக் கயிறு கட்டி மேலே கொண்டுவந்தார்கள். காலிப் பெட்டி லேசு. என் வீட்டுக் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பாஸ்டர் பைனோவும் ஓடை ஏறியே வந்திருந்தார், கறுப்புக் கோட்டு முழுக்கப் பாசி. முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெபம் முடிந்தது. பெட்டியை மூடினார்கள். இனி இதை எப்படி ஓடையில் இறக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் என் தோளில் கை வைத்தார்.

"ஓடை வழியா வேணாம் சகோதரி. எல்லோரும் பேசி முடிவு பண்ணிட்டோம். சாவுக்கு எல்லை கிடையாது. பெட்டியை வரிசைக்கு மேல தூக்கிக் கைமாத்தி வாங்கிக்கலாம். அதுல தப்பில்ல."

ஆஸ்பர்ட்டும் தலையை ஆட்டினான். "பெரியவங்க எல்லாரும் சரின்னுட்டாங்கக்கா. அந்தப் பக்கம் நாலு பேரு நிக்கிறாங்க."

"அந்தப் பக்கம் நிக்கிறாங்களா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு நானும் இதைத்தானே கேட்டேன் ஆஸ்பர்ட்? நான் இழுத்துட்டு வரேன், நீங்க அந்தப் பக்கம் நின்னு வாங்கிக்கங்கன்னு."

அவன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி கீழே பார்த்தான். நான் அவர்களுக்கு முன்னால் வெளியே போனேன். கத்தி எடுக்கவில்லை. அந்தப் பக்கம் யூடின் கறுப்பு உடை போட்டுத் தொப்பியோடு நின்றாள், அவளுக்குப் பின்னால் ஊர்.

பாதைக்குக் குறுக்கே நின்ற முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். மழையில் ஊறின மண், வெங்காயத்தாளைப் பிடுங்குவதுபோல் வந்துவிட்டது. அடியில் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர் நாலு. கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பாஸ்டர், "சகோதரி, வேணாம்" என்றார். யூடின், "மெல்வா, யோசிச்சுக்கோ" என்றாள்.

"என்ன யோசிக்கணும்? என் வீட்டுல இனி படுத்திருக்கறவங்க யாரு? நான்தான் மிச்சம். எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும்."

இரண்டாவதைப் பிடுங்கினேன். மூன்றாவதையும் பிடுங்கினேன். ஒரு கையே போதுமாக இருந்தது. மூன்றையும் பாதையோரம் போட்டேன், வேர் மேலே தெரியும்படி. மூச்சு வாங்கக்கூட இல்லை. வாரக்கணக்கில் நானும் அவனும் உள்ளே கிடந்தது இதற்குத்தானா என்று பார்த்தேன். இதற்குத்தான்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தூக்குங்க" என்றேன்.

தூக்கினார்கள். முன்னால் ஆஸ்பர்ட், அவன் இடம் எப்போதும் அதுதான். வாய் விட்டிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆள் அகலம் சரியாக இருந்தது. யூடின் மனையைக் கடந்து, மஞ்சள் வீட்டின் சமையல்கட்டு ஜன்னலைக் கடந்து, சாலைக்கு வந்துவிட்டோம். அது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வழியில் ஒரு இடத்தில்கூட அவர்கள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.